கிராஞ்சிக் குன்றில் தேடிய பெயர்

பிப்ரவரி 15, மாலை 6.20. சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கடையில் அக்காவும் நானும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒண்ணுமில்லடா, முழுமைத் தற்காப்பு தினம். 1942ல இந்த நேரத்துலதான் வெள்ளைக்காரன் ஜப்பான்காரன்கிட்ட ஊரைக் கொடுத்தான். வருஷா வருஷம் ஊதுவாங்க" என்றாள் அக்கா.

எங்கள் வீட்டில் அந்த வருடத்துக்கு வேறு பெயர் உண்டு. கடுதாசி நின்ற வருஷம். தாத்தாவின் அண்ணன் மலாயாவில் ஜொகூர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர். மாதம் தவறாமல் எழுதியவர். "ஜப்பான்காரன் வந்தான், கடுதாசி நின்னுச்சு" என்று அப்பாயி சொல்வார். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. அக்காவைப் பார்க்க வந்தது ஒரு காரணம்தான். இன்னொன்று அவர்.

மறுநாள் காலை புக்கிட் தீமா சாலையில் இருக்கும் பழைய ஃபோர்டு தொழிற்சாலைக்குப் போனேன். கார் பாகங்களைப் பூட்டிக்கொண்டிருந்த இடம், இப்போது அருங்காட்சியகம். பிரிட்டிஷ் படைத் தளபதி ஜெனரல் பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யமாஷிதா முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட அறை இங்கேதான். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் அறை அளவுதான் இருக்கும். ஏறத்தாழ 80,000 வீரர்களின் தலைவிதி இதற்குள் முடிவானது என்று நம்பவே கஷ்டமாக இருந்தது.

"பீரங்கியெல்லாம் கடலைப் பார்த்து இருந்தது, எதிரி பின்பக்கமா வந்துட்டான்" என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது பாதிக் கதை. பல பீரங்கிகளை வடக்கே திருப்ப முடிந்தது, திருப்பிச் சுடவும் செய்தார்கள். ஆனால் இருந்த குண்டுகளில் பெரும்பகுதி கப்பலின் இரும்பைத் துளைப்பதற்கானவை. ஓடிவரும் காலாட்படையை அவை பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. என்னைக் கேட்டால், சண்டையின் போக்கு இரண்டு மாதம் முன்பே தெரிந்துவிட்டது. 1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 10ஆம் தேதி பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களை ஆகாயத்திலிருந்தே மூழ்கடித்தார்கள். அதன்பின் கடலிலும் காப்பு இல்லை, வானிலும் இல்லை. மலாயா முழுக்கப் பின்வாங்கி வந்த படை, ஜனவரி 31இல் ஜொகூர்ப் பாலத்தை உடைத்துவிட்டுத் தீவுக்குள் அடைந்துகொண்டது. பிப்ரவரி 8 இரவு, காவல் மெலிந்திருந்த வடமேற்குக் கரையில் எதிரி படகில் வந்து இறங்கினான். ஒரே வாரம்.

யமாஷிதாவிடம் இருந்த ஆட்கள் சரணடைந்தவர்களில் பாதிகூட இல்லை. வெடிமருந்தும் தீர்ந்துகொண்டிருந்தது. அது தெரியாத பெர்சிவல், தண்ணீர்க் குழாய்கள் உடைந்து ஊரே தவித்த நேரத்தில் வெள்ளைக்கொடியோடு வந்தார். அன்று சீனப் புத்தாண்டு.

அடுத்த சில நாட்களிலேயே சீன ஆண்களை வரிசையில் நிறுத்திப் பிரித்து, லாரி லாரியாகக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். ஜப்பான் ஒப்புக்கொண்ட கணக்கே சுமார் 5,000. சீனச் சமூகம் சொல்வது அதைப்போலப் பல மடங்கு. 1962இல் சிக்லாப் பகுதியில் எலும்புகள் கிடைத்த பிறகுதான் பீச் ரோட்டில் நினைவுச்சின்னமாக நான்கு உயரமான தூண்கள் எழுந்தன. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலித்தது.

சரணடைந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இந்தியர்கள். பிப்ரவரி 17 அன்று அவர்களை ஃபேரர் பார்க் திடலில் கூட்டினார்கள். நான் டீ குடித்த கடையிலிருந்து நடக்கும் தூரம்தான். அங்கேதான் கேப்டன் மோகன் சிங் இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆள் கேட்டார். அடுத்த ஆண்டு நேதாஜி வந்து பொறுப்பேற்றபோது தோட்டத்துத் தமிழர்கள் பெருவாரியாகச் சேர்ந்தார்கள். சென்னைப் பெண்ணான டாக்டர் லட்சுமி, பெண்கள் படையான ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றதும் இந்த ஊரில்தான். பெரிய தாத்தாவும் நேதாஜி ராணுவத்தில் சேர்ந்திருப்பார் என்று சின்ன வயதில் நான் ஆசையாகக் கற்பனை செய்துகொள்வேன்.

போர்க் கல்லறை இருக்கும் கிராஞ்சிக்கு ரயிலில் போய், சாலையோரம் நடந்து குன்றேறினேன். மேலே போனால் ஜொகூர் நீரிணை தெரிகிறது. வெள்ளைக் கற்கள் 4,400க்கு மேல். உச்சியில் விமானத்தின் இறக்கையும் வாலும் போன்ற நினைவுச்சின்னம். அதன் சுவர்களில், புதைத்த இடம் தெரியாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள். படைப்பிரிவு வாரியாக வெட்டியிருக்கிறார்கள். இந்தியப் படைச் சுவர்களில் சிங், கான் என்று அடுக்கடுக்காக வந்தன. ஆங்கில எழுத்தில் வெட்டிய தமிழ்ப் பெயர் கண்ணில் பட்டபோதெல்லாம் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். வெயில் ஏறி எழுத்து கண்ணைக் கூசும்வரை நின்றேன்.

அவர் பெயர் இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும். அவர் சிப்பாய் இல்லையே. சிங்கப்பூரைப் பிடித்த கையோடு ஜப்பான் பர்மாவையும் பிடித்தது. அங்கே படைக்குச் சாமான் கொண்டுபோக சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். சயாம் மரண ரயில். போர்க்கைதிகள் 60,000க்கு மேல், ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 2 லட்சம். மலாயாத் தோட்டங்களில் வேலை போய்க் கிடந்த தமிழர்களைக் கூலி தருகிறோம் என்று அழைத்துப் போனார்கள். வராதவர்களைப் பிடித்துப் போனார்கள். காலரா, பட்டினி, அடி. கைதிகளில் இறந்தவர்களுக்குப் பட்டியல் இருக்கிறது, கல்லறை இருக்கிறது. எங்கள் ஆட்களுக்குச் சரியான கணக்குகூட இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

குன்றிலிருந்தே அப்பாவுக்கு போன் போட்டேன்.

"பேரு இருந்துச்சாப்பா?"

"இல்லப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அவரும் அந்த ரயிலுக்குத்தான் போனாரோ என்னவோ" என்றார். தாய்லாந்தில் அந்தப் பாதை போகும் காஞ்சனபுரியில் ஒரு பௌத்த விகாரையில் அந்தத் தமிழர்களுக்காக நடுகல் நட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். "நம்மூரு நடுகல்லா?" என்று இரண்டு முறை கேட்டார். பாங்காக்கில் தோன்புரி நிலையத்திலிருந்து ரயில் இருக்கிறது. அப்பாவுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும்.