லெமன் கிராஸ்: தூர் பிரித்து நட்டது, ஆடிக்காற்றையும் தாண்டிப் பிடித்துவிட்டது

ஆனிக் கடைசியில் நட்ட சிம்புகள் (தூரிலிருந்து பிரித்த பக்கக் கன்றுகள்) அத்தனையிலும் நடுக்குருத்து பச்சையாக வருகிறது. லேசாக இழுத்தாலும் அசையவில்லை, வேர் இறங்கிவிட்டது.

எல்லாம் பிரிக்கிற விதத்தில்தான் இருக்குதுங்க. முதலில் இலையை ஒரு சாண் விட்டு வெட்டிவிடணும். முழு இலையோடு நட்டால், வேர் பிடிக்காத சிம்பு அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாமல் காய்ந்துபோகும். பிறகு தூரைத் தோண்டி அலசி, காய்ந்த தோகையை உரித்தால் சிம்புகள் ஒட்டியிருக்கும் இடம் தெரியும். அங்கே பிடித்து, மேலே இழுக்காமல், வெளிப்பக்கமாகக் கீழே மடக்கணும். அடியில் கெட்டியான கணுக்கட்டை சிம்போடு கழன்று வரும். வேர் விடுவது அந்தக் கட்டைதான். மேலே இழுத்தால் கட்டை தூரிலேயே நின்று, வெறும் தண்டுதான் கைக்கு வரும்.

சூப்பர் மார்க்கெட் தண்டு பலருக்கும் அழுகுவதும் இதனால்தான். அடியை ஒட்ட நறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். கட்டை உள்ளதாகப் பொறுக்கி வாங்கினால் டம்ளர் தண்ணீரிலேயே வேர் விடும். தண்ணீரை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கணும்.

ஆழம் இரண்டு விரற்கடை போதும். குருத்து கிளம்பும் இடம் புதைந்தால் அழுகல்தான். செம்மண்ணில் தண்ணீர் வடிந்துவிடும். கரிசலாக இருந்தால் மேட்டுப்பாத்தி கட்டாயம். நட்டதும் சுற்றி நன்றாக மிதித்துவிடுங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சிம்பை ஆட்டி ஆட்டிப் புதுவேரை அறுத்துவிடும். இலையைக் குட்டையாக வெட்டுவது அதற்கும் உதவும்.

தொட்டிக்குப் பொள்ளாச்சித் தென்னைநார்க்கட்டி வாங்கினால் இரண்டு மூன்று தண்ணீர் ஊறவைத்துக் கொட்டுங்க. அதிலிருக்கும் உப்போடு போர்வெல் தண்ணீர் உப்பும் சேர்ந்தால் இலைநுனி கருகும்.

மூன்று மாதத்தில் முதல் அறுப்பு, தரையிலிருந்து நாலு விரல் மேலே. இலை ஓரம் கையை அறுக்கும், முழுக்கைச் சட்டை நல்லது. டீக்கு இலை. ரசத்துக்கு வெள்ளை அடித்தண்டை நசுக்கி, இறக்கும்போது போட்டு மூடணும். மணம் தருகிற சிட்ரால் கொதியில் ஆவியாகிவிடும். காயவைப்பதும் நிழலில்தான்.

அடுத்து நடப்போவது கேரளாவின் ஓடக்காலி ஆராய்ச்சி நிலையத்தின் சுகந்தி என்ற லெமன் கிராஸ் ரகம், ஓடி-19. அது எண்ணெய்க்கான ரகம், ரசத்துக்கான பருத்த தண்டு வராது. ஐப்பசி மழைக்கு முன் வேலியோரம் தனி வரிசையாக நடணும். சமையல் தூரோடு கலந்துவிட்டால் பிரிப்பது கஷ்டம்.