பாண் களவு

2006இல் கனடா வந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஸ்காபரோவில் ஒரு உணவுத் தொழிற்சாலையில் இரவிரவாகப் பெட்டி கட்டுவது. தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் போனது. ஒன்ராறியோவில் அப்போது குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 7 டொலர் 75 சதம். அதே பெல்ட்டில் எனக்குப் பக்கத்தில் நின்றவருக்கு அதைவிட நல்லாய்க் கூட. அவர் கொம்பனி ஆள், நான் ஏஜென்சி ஆள். ஏனென்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவேயில்லை என்பதுதான் சரி. ஆமிச் சென்றி இல்லாத ஊர், விடியப்புறம் பஸ்ஸில் நித்திரை கொண்டபடி வரலாம். இதற்கு மேல் கேள்வி வேறேயா? போதாததற்கு, பயண ஏஜென்டுக்குக் கட்டிய காசுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

வரும் வழியில் பாண் வாங்குவேன். பேஸ்மென்டில் நாங்கள் நாலு பேர். பாணும் சம்பலும், இல்லாவிட்டால் பாணும் நேற்றைய பருப்பும். ஊர்ப் பேக்கரியின் சூட்டு றாத்தல் பாணுக்கும் இந்தப் பஞ்சுத் துண்டுகளுக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனாலும் வயிறு நிரம்பியது. விலை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. "கோதுமை ஏறிட்டுதாம்" என்பார் அறையிலிருந்த அண்ணை, வானொலியில் செய்தி வாசிக்கிற குரலில். நாங்களும் தலையாட்டுவோம்.

2017 டிசம்பரில்தான் விசயம் வெளியே வந்தது. பெரிய சுப்பர்மார்க்கெட் கொம்பனியான லோப்லாவும் அதன் தாய் நிறுவனம் ஜோர்ஜ் வெஸ்டனும் தாங்களாகவே ஒப்புக்கொண்டன: 2001இன் கடைசியிலிருந்து 2015 வரை, போட்டிக்காரர் என்று நாங்கள் நினைத்திருந்தவர்கள் ஒன்றாய்க் கூடிப் பாண் விலையை ஏற்றியிருக்கிறார்கள். முந்தி வந்து சொன்னபடியால் அந்த இரண்டுக்கும் குற்ற வழக்கிலிருந்து விலக்கு. வாடிக்கையாளருக்கு ஆளுக்கு 25 டொலர் கார்ட். அதையும் அவர்களுடைய கடைகளில்தான் செலவழிக்கலாம்.

படிவத்தை நிரப்பும்போது மனைவி எட்டிப் பார்த்தா.

"என்ன கேக்கிறாங்கள்?"

"அந்தக் காலத்தில பாண் வாங்கினனீங்களோ எண்டு."

"பாணைத் தவிர வேற என்னத்தை வாங்கினனீங்கள்?"

அப்பாவுக்குத்தான் இது விளங்கவேயில்லை. 1953இல் அவர் பள்ளிக்கூடப் பெடியன். கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானது, ஓகஸ்டில் ஹர்த்தால், ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். இந்தக் கதையை நூறு தரம் சொல்லியிருப்பார். அன்றைக்கு கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப உங்கட பாணுக்கு ஆர் விலகினது?"

ஒருத்தரும் இல்லை. 2023இல் இந்த விலைக் கூட்டில் இருந்த கனடா பிரெட் என்ற பாண் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 5 கோடி டொலர் தண்டம் கட்டியது. அடுத்த வருசம் லோப்லாவும் வெஸ்டனும் வாடிக்கையாளர் போட்ட வழக்கை முடிக்க 50 கோடிக்கு இணங்கின. பெரிய தொகைதான். பதினாலு வருசப் பாணை யார் எண்ணி வைத்தது?

2018 ஏப்ரலில் இன்னொன்று நடந்தது. ஒரே வேலை செய்தால் ஏஜென்சி ஆளுக்கும் கொம்பனி ஆளுக்கும் ஒரே சம்பளம் என்று ஒன்ராறியோவில் சட்டம் வந்தது. பெல்ட்டில் நின்ற அந்த இரவுகள் அன்றைக்குத்தான் திரும்ப ஞாபகம் வந்தன. ஜூனில் ஆட்சி மாறியது; 2019 ஜனவரி முதலாம் திகதியோடு அந்தச் சட்டமும் போனது. ஒன்பது மாதம்!

இவ்வளவும் எழுதுகிற நான் இப்போது ஒரு வீட்டுக்காரன். எங்கள் பேஸ்மென்டில் பஞ்சாபிலிருந்து படிக்க வந்த பெடியன் ஒருவன் இருக்கிறான். முன்னம் இருந்தவன் போனதும், கோயிலில் அன்னதான வரிசையில் நின்றபடி, "இப்ப என்ன போகுது?" என்று தெரிந்த நாலு பேரைக் கேட்டேன். "நாங்கள் கூட்டிட்டம், நீங்களும் கூட்டுங்கோ, குறைச்சுக் குடுத்து எங்கட விலையையும் கெடுக்காதேங்கோ" என்றார்கள். இருநூறு கூட்டினேன்.

பெடியன் முந்தியவனின் கூட்டாளி. பழைய வாடகை அவனுக்குத் தெரியும். சாவியை வாங்கும்போது, ஏன் கூட்டினீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டான்.

வீட்டு வரி ஏறிவிட்டது என்றேன். அது ஏறியதும் உண்மைதான். அவன் தலையாட்டினான்.