கோடு போடுவதற்கு முன்பே கூப்பிடுங்கள்

நகரத்துக்கு நடுவே ஓடும் ஒரு நீளமான சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். இருபுறமும் பழைய கடைகள், கடைகளுக்கு மேலே வீடுகள், இடையிடையே காலி மனைகள், பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு தொழிற்சாலை. அந்தச் சாலையில் ரயிலோ தனித்தடப் பேருந்தோ வரப்போகிறது, ஓரங்களில் உயரமான கட்டடங்களுக்கு அனுமதியும் தரப்போகிறார்கள் என்று ஒரு அறிவிப்பு வரும். கொஞ்ச நாள் கழித்து கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒரு தாள் ஒட்டுவார்கள். இப்படிப்பட்ட கூட்டங்களுக்குச் சில வருடங்களாகப் போய்வருகிறேன். ஒன்று மட்டும் எனக்கு நன்றாகத் தெளிந்துவிட்டது. நம்மைக் கூப்பிடும்போது கோடு ஏற்கெனவே போட்டு முடித்திருக்கிறார்கள்.

போன தடவை நடந்ததைச் சொல்கிறேன். மேசை முழுக்க விரித்த பெரிய வரைபடம், அதில் சிவப்பில் தடம், தடத்தின் மேல் நிறுத்தங்களுக்குப் புள்ளிகள். நிறுத்தத்தின் கூரை எந்த வடிவத்தில் வேண்டும், இருக்கை மரத்திலா இரும்பிலா, எந்த மரக்கன்றுகள் நடலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வயதான அம்மா முன்னால் வந்து வரைபடத்தில் விரலை வைத்தார். "என் வீடு இங்கே இருக்கு. நான் போற மருந்துக் கடை நேர் எதிர்ப்பக்கம். நடுவுல தண்டவாளம் வந்துட்டா நான் எங்கே ரோட்டைக் கடக்கிறது?" அளந்து பார்த்ததில் பக்கத்து சிக்னல் 350 மீட்டர் தள்ளி இருந்தது. அதாவது நேராக 30 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க வேண்டியவர் 700 மீட்டர் நடக்க வேண்டும், திரும்பி வர இன்னொரு 700. யாரிடமும் பதில் இல்லை. அந்தக் கேள்வியை எழுதிக்கொள்ள அவர்கள் கையிலிருந்த படிவத்தில் இடமே இல்லை.

மறுநாள் காலையில் அவருடன் அந்த சிக்னல்வரை போனேன். பாதசாரிக்குப் பச்சை விளக்கு 25 நொடி எரிந்தது. நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொண்டால் 30 மீட்டருக்கு அது சரியான கணக்கு. பொறியாளர்கள் நெடுங்காலமாக வைத்திருந்த கணக்கும் அதுதான். அந்த அம்மாவுக்கு 38 நொடி ஆனது. விளக்கு மாறியபோது அவருக்கு இன்னும் பத்து மீட்டர் பாக்கி. ஒரு கையில் பையும் மறு கையில் என் தோளுமாக அவர் நடந்ததை நான் மறக்கவில்லை. நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். ரயிலில் ஏறப்போவதும் அவர்கள்தான், கார் ஓட்டுபவர்கள் அல்ல. அப்படியென்றால் சாலையைக் கடக்கிற விஷயம் திட்டத்தின் ஓரத்தில் வரும் சில்லறை வேலையாக எப்படி ஆகும்?

வரைபடத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. நிறுத்தத்தைச் சுற்றி காம்பஸ் வைத்து 400 மீட்டரில் ஒரு வட்டம், 800 மீட்டரில் ஒரு வட்டம் போட்டு, இதற்குள் இருப்பவர்களெல்லாம் நடந்தே வந்துவிடுவார்கள் என்பார்கள். மனிதன் காம்பஸ் முள்போல நேர்கோட்டில் நடப்பதில்லை. தெருக்கள் ஒழுங்கான சதுரக் கட்டங்களாக ஓடும் ஊரிலேயே 400 மீட்டர் நடையில் எட்டக்கூடிய பரப்பு அந்த வட்டத்தில் சுமார் 64 சதவீதம்தான். நடுவில் ஒரு மதில் சுவரோ கால்வாயோ முட்டுச்சந்தோ வந்துவிட்டால் இன்னும் சுருங்கிவிடும். வட்டத்துக்குள் காட்டப்பட்ட ஒரு குடியிருப்பிலிருந்து நானே நடந்து பார்த்தேன், பழைய தொழிற்சாலை மதிலைச் சுற்றி வந்து சேர ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆனது. அந்த மதிலில் ஒரு திறப்பு விட்டால் போதும், புதிதாக ஒரு நிறுத்தம் கட்டியதற்குச் சமமான பலன் கிடைக்கும். அங்கே குடியிருப்பவர்களுக்கு இது தெரியும், வரைபடத்துக்குத் தெரியாது.

இதெல்லாம் பேசி என்ன ஆகப்போகிறது, மேலே இருப்பவர்கள் முடிவு செய்ததை மாற்ற முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். மாற்றியிருக்கிறார்கள். அமெரிக்காவில் மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரங்களுக்கு இடையே 2014 ஜூனில் திறந்த கிரீன் லைன் என்ற இலகு ரயில் பாதைதான் எனக்கு மிகப் பிடித்த எடுத்துக்காட்டு. சுமார் 18 கிலோமீட்டர், பெரும்பகுதி யுனிவர்சிட்டி அவென்யூ என்ற பழைய கடைவீதிச் சாலையின் நடுவிலேயே ஓடுகிறது. முதலில் போட்ட திட்டத்தில் அந்தச் சாலையின் கிழக்குப் பகுதியில் நிறுத்தங்களுக்கு இடையே ஒரு மைல், அதாவது 1.6 கிலோமீட்டர் இடைவெளி. கார் இல்லாத குடும்பங்கள், புலம்பெயர்ந்து வந்தவர்கள், கறுப்பின மக்கள் என்று பொதுப் போக்குவரத்தை நம்பியே வாழ்பவர்கள் நிறைந்த பகுதி அதுதான். வீட்டுக்கு முன்னால் ரயில் ஓடும், ஏற முடியாது. அந்தச் சாலைக்கு இணையாகச் சற்றுத் தள்ளி இருந்த ராண்டோ என்ற கறுப்பினக் குடியிருப்பை 1950களிலும் 60களிலும் விரைவுச்சாலை போடுவதற்காக இடித்துத் தள்ளியிருந்தார்கள். அந்த நினைவு இருந்தவர்களிடம் இன்னொரு தடம் வருகிறது என்று சொன்னால் அவர்கள் சும்மா இருப்பார்களா?

நிறுத்தங்கள் ஏன் குறைந்தன என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். யாரோ கெட்ட எண்ணத்தோடு அழித்ததாக நான் நினைக்கவில்லை. மத்திய அரசின் நிதி கிடைக்க வேண்டுமென்றால் செலவுக்கும் பலனுக்கும் ஒரு சூத்திரப்படி கணக்குக் காட்ட வேண்டும். நிறுத்தம் கூடினால் செலவு கூடும், பயண நேரமும் கூடும், மதிப்பெண் குறையும். நடந்து வந்து ஏறுபவருடைய வசதிக்கு அந்தச் சூத்திரத்தில் போதுமான எடை இல்லை. மக்கள் அமைப்புகள் அதைப் புரிந்துகொண்டார்கள். உள்ளூர் அதிகாரிகளோடு சண்டை போடுவதோடு நிற்காமல் அந்த விதியையே மாற்றச் சொல்லி மத்திய அரசுவரை போனார்கள். 2010 ஜனவரியில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை அந்தச் செலவுக் கணக்கின் பிடியைத் தளர்த்தியது. அதன் பிறகு ஹாம்லைன், விக்டோரியா, வெஸ்டர்ன் என்ற மூன்று நிறுத்தங்கள் சேர்க்கப்பட்டன. கட்டுமானம் தொடங்குவதற்கு முன்பே இது நடந்துவிட்டது என்பதுதான் எனக்கு முக்கியம். தண்டவாளம் போட்ட பிறகு கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்று நினைத்துப் பாருங்கள்.

அங்கேயும் எல்லாம் சுகமாக முடியவில்லை. சாலையோர வாகன நிறுத்த இடங்களில் பெரும்பகுதி போய்விட்டது, கட்டுமானம் நடந்த காலத்தில் சின்னக் கடைகள் திணறின. சிறு வணிகர்களுக்கு, தொடர்ந்து கடை நடத்தினால் திருப்பிக் கட்டத் தேவையில்லாத கடன் கொடுத்தார்கள். இந்த ஏற்பாட்டை ஒவ்வொரு ஊரும் திட்டச் செலவிலேயே சேர்த்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். வாசலில் இரண்டு வருடம் பள்ளம் தோண்டிவைத்தால் பெரிய கடை தாங்கும், தையல் கடை தாங்காது. தடம் திறக்கிற அன்று ரிப்பன் வெட்டும்போது அந்தத் தையல்காரர் அங்கே இல்லையென்றால், யாருக்காக வந்தது அந்த வளர்ச்சி?

பாஸ்டன் கதை இன்னும் சிக்கலானது, அதனாலேயே அதிகம் கற்றுத்தருகிறது. அங்கே நகரத்துக்குள் ஒரு விரைவுச்சாலை கொண்டுவருவதற்காக 1960களில் நூற்றுக்கணக்கான வீடுகளை இடித்தார்கள். மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆளுநர் பிரான்சிஸ் சார்ஜென்ட் 1970இல் வேலையை நிறுத்திவைத்தார், 1972இல் அந்தச் சாலையையே ரத்து செய்தார். ஏற்கெனவே இடித்துக் காலியாகிவிட்ட நிலத்தை என்ன செய்வது? அதன் வழியாக ரயில் தடமும், தடத்தை ஒட்டி ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரு பூங்காவும் வந்தன. ஒவ்வொரு நிலையத்துக்கும் அந்தந்தப் பகுதி மக்களைக் கொண்ட குழு இருந்தது. ஒரு பகுதியில் ரயில் சத்தம் வேண்டாம் என்று மக்கள் பிடிவாதமாக நின்றதால் தண்டவாளத்தின் மேல் மூடி போட்டு, மூடியின் மேல் பூங்கா அமைத்தார்கள். 1987இல் திறந்தார்கள்.

சரி, இதுவரை நல்ல கதை. ஆனால் அந்தப் புதுத் தடம் திறந்தபோது, பாஸ்டனின் ராக்ஸ்பரி என்ற பகுதி வழியாக வாஷிங்டன் தெருவின் மேல் 1901 முதல் ஓடிக்கொண்டிருந்த உயர்மட்ட ரயிலை நிறுத்தி, பிறகு இடித்துவிட்டார்கள். அதற்கு ஈடாக நல்ல சேவை தருவதாகச் சொன்னார்கள். 2002இல்தான் சில்வர் லைன் என்ற பேருந்து வந்தது. இடையில் 15 வருடம். பக்கத்துத் தடத்தில் மக்கள் பங்கேற்பு எவ்வளவு அழகாக நடந்தாலும், ரயிலை இழந்த தெருவில் இருப்பவருக்கு அது ஆறுதல் இல்லை. ஒரு தடத்துக்குத் திட்டமிடும்போது அதனால் இழக்கப்போகிறவர்கள் யார் என்று பார்த்து அவர்களையும் அதே மேசையில் உட்கார வைக்க வேண்டும், மாற்று வசதி ஓடத் தொடங்கிய பிறகுதான் பழையதை நிறுத்த வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

உயரமான கட்டடங்கள் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தடத்தை ஒட்டி நிறையப் பேர் குடியிருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆள் இல்லாத இடத்தில் ரயில் விட்டு என்ன பயன்? பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974இல் தனித்தடப் பேருந்தைத் தொடங்கியபோது அந்தப் பேருந்துத் தடங்களை ஒட்டித்தான் உயரமான கட்டடங்களுக்கு அனுமதி கொடுத்தது, தள்ளிப் போகப் போக உயரம் குறைந்தது. நிலமும் போக்குவரத்தும் ஒரே கையால் வரையப்பட்டன. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனில் மெட்ரோ ரயிலை விரைவுச்சாலையின் நடுவில் கொண்டுபோகத்தான் முதலில் நினைத்திருந்தார்கள். உள்ளூர் நிர்வாகம் போராடி, நலிந்துகொண்டிருந்த கடைவீதிக்கு அடியில் அதைக் கொண்டுவந்தது. 1979க்குள் ராஸ்லின் முதல் பால்ஸ்டன் வரை ஐந்து நிலையங்கள் வந்துவிட்டன. நிலையத்தை ஒட்டி உயரம், தள்ளிப் போகப் போகத் தணிவு, பின்னால் இருந்த தனி வீடுகளின் தெருக்களைத் தொடுவதில்லை என்று ஒரு உடன்பாடு. அந்த உடன்பாடு இருந்ததால்தான் குடியிருப்பவர்கள் ஒப்புக்கொண்டார்கள், பல பத்தாண்டுகள் அது நிலைத்தும் நின்றது. பின்னாளில் அந்தத் தனி வீடுகளின் விலை சாதாரண மனிதர் தொட முடியாத உயரத்துக்குப் போனதையும் சொல்ல வேண்டும். வாடகைக்கு இருப்பவர் அந்த உடன்பாட்டில் எங்கே இருந்தார் என்று நான் கேட்பேன்.

கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்பதும் இதே கேள்விதான். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாசசூசெட்ஸ் மாநில ஊர்களின் கூட்டக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தபோது, எழுந்து பேசியவர்களில் வீட்டுச் சொந்தக்காரர்களும் வயதில் மூத்தவர்களும் ஆண்களும் ஊரில் இருக்கும் விகிதத்தைவிட அதிகமாக இருந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் புதிய வீடுகளை எதிர்த்தார்கள். மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைத்தால் ஷிப்ட் வேலைக்காரர் வர மாட்டார், கைக்குழந்தை உள்ள பெண் வர மாட்டார், அடுத்த வருடம் இங்கே இருப்போமா என்று தெரியாத வாடகைக்காரரும் வர மாட்டார். நிறுத்தத்தில் நிற்பவரிடமே போய்க் கேளுங்கள், காலை ஏழு மணிக்குப் பேருந்துக்குள் ஏறிக் கேளுங்கள் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு நாள் நாங்களே அதைச் செய்தும் பார்த்தோம். கூட்டத்தில் ஒருவர்கூட வாயைத் திறக்காத ஒரு விஷயம் அங்கே திரும்பத் திரும்ப வந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் கடைசி வண்டி எப்போது, நிறுத்தத்திலிருந்து வீடுவரை விளக்கு எரியுமா.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் 1969இல் எழுதிய ஒரு கட்டுரையில் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஒரு ஏணியாகப் பிரித்துக் காட்டினார். கருத்துக் கேட்பு என்பது அதில் நான்காவது படி, அதுவும் வெறும் அடையாளத்துக்கு நடக்கும் பங்கேற்பு என்ற பிரிவில்தான் வருகிறது. முடிவெடுக்கும் அதிகாரத்தில் பங்கு ஆறாவது படியில்தான் தொடங்குகிறது. அதற்கு ஒரு நிஜ உதாரணமும் பாஸ்டனிலேயே இருக்கிறது. ராக்ஸ்பரியின் டட்லி தெரு மக்கள் அமைப்புக்கு 1988இல் நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே நகரம் கொடுத்தது. காலி மனைகளை எடுத்துப் பொது அறக்கட்டளையின் பெயரில் வைத்தார்கள். அந்த நிலத்தில் கட்டிய வீட்டை வாங்கியவர் விற்கலாம், ஆனால் கட்டுக்குள் வைத்த விலைக்குத்தான். தடம் வரும் முன்பே சாலையோரத்தில் சில மனைகளாவது இப்படிப் பொதுவில் வந்துவிட்டால், தடம் வந்த பிறகு ஏறும் நிலவிலை அந்தத் தையல்காரரைத் துரத்தாது. தடம் அறிவித்த பிறகு வாங்கப்போனால் விலை கையை மீறியிருக்கும். இதற்கும் முன்கூட்டியே உட்கார்ந்து பேச வேண்டும்.

அடுத்த கூட்டம் மூன்று வாரத்தில். இந்தத் தடவை நாங்கள் கூரை வடிவத்தைப் பற்றிப் பேசப்போவதில்லை. நடந்து அளந்த தூரங்களையும், மதிலில் எங்கே திறப்பு வேண்டும் என்பதையும், நான்கு சிக்னல்களில் எத்தனை நொடி பச்சை எரிகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிவைத்திருக்கிறோம். அந்த அம்மா தானே முதலில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய 38 நொடியை அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டோம்.