அடையாறு வெயிட்டிங் ஹால்ல அம்மா கேட்ட கேள்வி

போன மாசம் அம்மாவ செக்கப்புக்கு அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் கூட்டிட்டு போயிருந்தேன். ஆபரேஷன் முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சு, இப்பல்லாம் ஆறு மாசத்துக்கு ஒருக்கா போனா போதும். ஃபைல மடியில வச்சுகிட்டு, மஞ்சப்பையில இருந்து கொய்யாப்பழம் எடுத்து பக்கத்துல உக்காந்திருந்த வேற ஒரு அம்மாவுக்கு பாதிய குடுத்துட்டு, எங்கம்மா கேட்டாங்க, "இந்த ஆஸ்பத்திரிய யாருப்பா கட்டுனது?" முத்துலட்சுமி ரெட்டின்னு ஒரு டாக்டரம்மா, சட்டசபையிலயும் இருந்தவங்கன்னு சொன்னேன். "எம்எல்ஏவா?"ன்னாங்க. அதுக்குள்ள பேர் கூப்ட்டுட்டாங்க, பேச்சு அப்படியே நின்னு போச்சு.

அன்னைக்கு அரைகுறையா விட்டத இங்க எழுதுறேன்.

1886-ல புதுக்கோட்டையில பொறந்தவங்க. அப்பா நாராயணசாமி ஐயர், காலேஜ் பிரின்சிபால். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபுல வந்தவங்க. ஆம்பள பசங்க மட்டுமே படிச்ச மகாராஜா காலேஜ்ல இவங்களுக்கு சீட் குடுக்க ராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமானே சொல்ல வேண்டியிருந்துச்சு. 1912-ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல டிகிரி வாங்கிட்டு பிராக்டீஸ் நல்லா போய்ட்டு இருந்த நேரத்துல தான், இந்திய மாதர் சங்கத்துக்காரங்க சென்னை மாகாண சட்டசபைக்கு இவங்க பேர சொல்றாங்க. வைத்தியம் கெட்டுப் போயிடுமேன்னு இவங்க மொதல்ல தயங்குனாங்க. அப்புறம் 1927-ல நியமன உறுப்பினரா உள்ள போறாங்க, பிரிட்டிஷ் இந்தியாவுல சட்டசபைக்குள்ள போன மொதல் பொண்ணு. திருவிதாங்கூர் சமஸ்தான சட்டசபையில மேரி புன்னன் லூக்கோஸ் அதுக்கு முன்னாடியே இருந்தாங்க, அவங்களும் டாக்டர் தான்ங்கறது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். போன கொஞ்ச நாள்லயே சென்னை சபையோட துணைத் தலைவரா முத்துலட்சுமி அம்மாவ ஏகமனதா தேர்ந்தெடுத்தாங்க.

அங்க இவங்க கேட்டதெல்லாம் பாத்தீங்கன்னா ஒரு டாக்டர் வீடு வீடா போய் பாத்த விஷயங்க. பள்ளிக்கூட புள்ளைங்களுக்கு மெடிக்கல் செக்கப், குழந்தைங்களுக்கு தனி ஆஸ்பத்திரி, ஏழை பொண்ணுங்களுக்கு ஃபீஸ் இல்லாம படிப்பு, முஸ்லிம் பொண்ணுங்களுக்கு ஹாஸ்டல்.

ஆனா பெரிய சண்டை கோயில் பொட்டுக்கட்டு பத்தி தான், அதாவது பொண்ணுங்கள சாமிக்குன்னு பொட்டு கட்டி தேவதாசியா கோயிலுக்கு விடற வழக்கம். 1927 நவம்பர்ல தீர்மானம் கொண்டு வந்தாங்க, 1929-ல அறநிலையச் சட்டத்துல திருத்தம் வந்துச்சு. இந்த திருத்தத்த பத்தி யாரும் அதிகமா பேசறதில்ல, எனக்கு இது தான் முக்கியமா படுது. தேவதாசி குடும்பங்களுக்கு மானியமா நிலம் இருக்கும், ஆனா கோயில்ல ஊழியம் செஞ்சா தான் நிலம், நிறுத்துனா போச்சு. அதனால அம்மாவுக்கு அப்புறம் ஒரு பொண்ணுக்கு பொட்டு கட்டியே ஆகணும், இல்லன்னா அடுத்த வேளை சாப்பாட்டுக்கு வழி இல்ல. சும்மா "இது தப்பு, நிறுத்து"ன்னு ஒரு சட்டம் போட்டிருந்தா அந்த குடும்பம் தெருவுக்கு தான் வந்திருக்கும். இந்த திருத்தம் நிலத்தையும் ஊழியத்தையும் பிரிச்சு விட்டுச்சு, ஊழியம் செய்யாட்டியும் நிலம் அந்த பொண்ணுக்கே. யாரோ நல்லா உள்ள இருந்து பாத்தவங்களுக்கு தான் முடிச்சு எங்க இருக்குன்னு தெரியும், இவங்களுக்கு தெரிஞ்சுது, அவங்க அம்மா வீட்டு கதை தானே அது.

எதிர்ப்பு நெறைய வந்துச்சு. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி எதிர்த்தார். தேவதாசிகள்லயே பெங்களூர் நாகரத்தினம்மா மாதிரி பெரிய பாட்டுக் கலைஞர்களும் எதிர்த்து மனு குடுத்தாங்க, எங்க கலையும் கௌரவமும் சேந்து போயிடும்னு. அந்த பயத்த தப்புன்னு என்னால தள்ள முடியல, அதுல கொஞ்சம் நடக்கவும் செஞ்சுது. ஆனா விவரம் தெரியாத வயசுல ஒரு புள்ள கழுத்துல பொட்டு கட்டறத கலைய வச்சு நியாயப்படுத்த முடியாது, அதுல நான் முழுசா முத்துலட்சுமி அம்மா பக்கம் தான்.

1930-ல உப்பு சத்தியாகிரகத்துல காந்திய அரெஸ்ட் பண்ணதும் பதவிய தூக்கி போட்டுட்டு வெளிய வந்துட்டாங்க. பொட்டுக்கட்டையே முழுசா தடுக்கற சட்டம் 1947-ல ஓமந்தூரார் ஆட்சியில தான் வந்துச்சு. அதுக்கு இடையில ஒரு நாள், பொட்டுக்கட்டுல இருந்து தப்பிச்சு வந்த பொண்ணுங்க இவங்க வீட்டு கதவ தட்டியிருக்காங்க. ஹாஸ்டல்ங்க சேத்துக்கல, வீட்டுலயே வச்சுகிட்டாங்க, அதுல இருந்து வந்தது தான் அவ்வை இல்லம். வெளிய வர்ற பொண்ணு ராத்திரி எங்க படுக்கும்ங்கறது எந்த சட்டத்துலயும் எழுதல, அதையும் இவங்களே பாத்துகிட்டாங்க.

இப்ப ஆஸ்பத்திரி கதை. இவங்க தங்கச்சிக்கு வயித்துப்போக்கு, ரத்தம் போகுது, சீதபேதின்னு சொல்லி வைத்தியம் பாத்துட்டே இருந்தாங்க. கடைசியில அது மலக்குடல் புத்துநோய்னு தெரிஞ்சப்ப எல்லாம் கைமீறி போச்சு. டாக்டரா இருந்தும் காப்பாத்த முடியல. அந்த வேதனைய வச்சுகிட்டே 1935-ல மெடிக்கல் காலேஜ் நூற்றாண்டு விழாவுல கேன்சருக்கு தனி ஆஸ்பத்திரி வேணும்னு பேசி, ஊர் ஊரா பணம் திரட்டி, 1952-ல நேரு அடிக்கல் நாட்டி, 1954-ல 12 பெட்டோட திறந்தாங்க. அப்ப இவங்களுக்கு வயசு 67.

எங்கம்மாவுக்கும் ஏழு மாசம் மூலம்னு தான் மருந்து குடுத்தாங்க. எங்க ஊர்ல ஒரு கிளினிக்கு, விரல் வச்சு கூட பாக்கல, மாத்திரையும் ஆயின்மென்ட்டும் தான். ரத்தம் நிக்காம, என் அக்கா சண்டை போட்டு இங்க கூட்டிட்டு வந்ததால அம்மா இன்னைக்கு இருக்காங்க.

செக்கப் முடிஞ்சு, ரிப்போர்ட் எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. கிளாம்பாக்கத்துல பஸ் ஏறி உக்காந்ததும் அம்மாவுக்கு இந்த கதையெல்லாம் சொல்லிட்டு வந்தேன், நிலம், பொட்டு, கதவ தட்டுன பொண்ணுங்க, எல்லாம். ஜன்னல் பக்கமே பாத்துட்டு இருந்தாங்க, தூங்கிட்டாங்கன்னு நெனச்சேன். மேல்மருவத்தூர் தாண்டும்போது திரும்பி, "அந்த புள்ளைக்கு சீதபேதின்னா சொன்னாங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க.