அப்பாவின் ஹெரால்டு அம்மா பேருக்கு மாறிய கதை

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே ஒரு புரோக்கர் வந்து ஷெட்டை எட்டிப் பார்த்தார். "இதுக்குப் பேப்பர் மாத்துறது பெரிய தலைவலி அம்மிணி. இரும்பு விலைக்குப் போட்டுருங்க" என்றார். ஷெட்டில் நின்றது அப்பாவின் 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். அவர் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் நானே சோம்பி விட்டிருப்பேனோ என்னவோ. பேரை மாற்றியே தீருவது என்று கிளம்பினேன். ஏழு மாதம் ஆயிற்று.

அப்பா பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் வீட்டு பிளான் வரைந்தவர். ஐ.டி.ஐ. படித்த டிராஃப்ட்ஸ்மேன்தான். ஊரார் இன்ஜினியர் என்பார்கள், அவரும் திருத்தமாட்டார். திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய சி.டி.எஸ். ஆய்வு மைய வளாகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எலிப்பொறிக் கட்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது. செங்கலைப் படுக்கப் போடாமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் பொந்து விட்டுக் கட்டுவது. ஏறக்குறைய கால்வாசி செங்கல் மிச்சம். பொந்தில் நிற்கும் காற்று வெயிலை உள்ளே விடாது. எங்கள் பக்கம் கேரளம் என்றாலும் மழை குறைவு, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுதான் அதிகம். ஆடியில் மேற்கே இருந்து அடிக்கும், மார்கழியில் கிழக்கே இருந்து. அதனால் அவர் வரைந்த வீடுகளில் இரண்டு பக்கச் சுவரும் ஓட்டை ஓட்டையாக இருக்கும்.

இன்னொரு பிடிவாதமும் இருந்தது. தண்ணிக் குழாயைச் சுவருக்குள் புதைக்க விடமாட்டார். "நாளைக்கு ரிப்பேர் பார்க்க வர்றவன் சுவரை உடைக்கக் கூடாது" என்பார். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பாதிப் பேர் வேறு ஆளிடம் போனார்கள். (நிஜமாகவே அசிங்கமாகத்தான் இருக்கும்.) இது அவர் ஹெரால்டிடம் கற்றது என்று நினைக்கிறேன். அந்த வண்டியின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் கவிழும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். உருவம் வரைந்தவர் மிக்கலோட்டி என்ற இத்தாலிக்காரர், இங்கே தயாரித்தது மெட்ராஸில். பாடியையும் போல்ட் போல்ட்டாகக் கழற்றிவிடலாம்.

இப்படி எல்லாவற்றையும் திறந்து வைத்த மனிதர் வண்டியின் ஆர்.சி. (பதிவு) புத்தகத்தை எங்கே வைத்தார் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. பீரோவில் இல்லை, டேஷ்போர்டில் இல்லை. மூன்று வாரம் தேடினோம். கடைசியில் எங்கள் வீட்டு பிளான் சுருளுக்குள் இருந்தது. பிரித்துப் பார்த்தால் காகிதத்தில் முதலில் வரைந்திருப்பது கார் ஷெட். அதைச் சுற்றித்தான் வீடு. சமையலறைச் சன்னல் ஷெட்டைப் பார்த்துத் திறப்பது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. முப்பது வருஷமாக அம்மா பெட்ரோல் வாடையைத் திட்டிக்கொண்டே சமைத்தது அந்தச் சன்னலோரம்தான்.

பஞ்சாயத்தில் இறப்புச் சான்றிதழ் சுலபமாகக் கிடைத்தது. வாரிசுச் சான்றிதழுக்குத்தான் பொறுமை வேண்டும். அக்ஷயா என்ற கேரள அரசின் ஆன்லைன் சேவை மையத்தில் பதிந்து, வில்லேஜ் ஆபீஸில் விசாரணை முடிந்து, தாலுகாவில் இருந்து கெஜட்டில் அறிவிப்பு போட்டு, ஆட்சேபணைக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும். விசாரணைக்குச் சாட்சி சொல்ல வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள், வாரிசு யார் யார் என்று சொல்வதை விட்டுவிட்டு, அப்பா தங்கள் வீட்டுக்கு எங்கே சன்னல் வைத்தார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு அக்கா, "அவர் பேச்சைக் கேட்டுக் குழாயை வெளியே விட்டேன், போன மாசம் ஒடைஞ்சப்போ அரை மணியில மாத்தியாச்சு" என்றார். அதிகாரி அதையும் எழுதுகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். எழுதவில்லை.

நான் செய்த தப்பு ஒன்று: உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துவிட வேண்டும். அப்படித் தெரிவித்தால்தான் மூன்று மாதம் வரை வண்டியை ஓட்டலாம், அந்த மூன்று மாதத்துக்குள்ளேயே பேர் மாற்றக் கேட்கும் 31ஆம் எண் படிவத்தைக் கொடுக்க வேண்டும். எனக்கு இது தெரிந்தபோது இரண்டு கெடுவும் தாண்டியிருந்தது. தாமதத்துக்குத் தனியாகக் கட்டினேன். வாரிசுச் சான்றிதழுக்குக் காத்திருக்காமல் முதல் மாதமே ஒரு கடிதம் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.

கம்ப்யூட்டரில் வண்டியே இல்லை என்றார்கள். பழைய கைப்புத்தக ஆர்.சி.யை முதலில் பேக்லாக் (விட்டுப்போன பழைய பதிவு) என்று அரசின் வண்டிப் பதிவுத் தளமான வாகனில் ஏற்ற வேண்டும். அதற்கே ஐந்து நடை. ஓர் ஊழியர், "வின்டேஜில் போடுங்களேன்" என்றார். 2021 விதிப்படி 50 வருஷம் தாண்டிய, சேசிஸும் பாடியும் இன்ஜினும் மாற்றாத வண்டிக்கு அந்தப் பதிவு உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பரில் வி.ஏ. என்று வரும். ஆனால் கண்காட்சி, பழைய கார்ப் பேரணி மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்டக் கூடாது. சனிக்கிழமை தவறாமல் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சி போய் வந்த வண்டி அது. வேண்டாம் என்று விட்டேன்.

மஸ்கட்டில் இருக்கும் தம்பி சம்மதக் கடிதம் அனுப்பினான். எனக்கும் விருப்பம் அம்மா பேரில் இருக்கட்டும் என்பதுதான். அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. கையெழுத்துப் போடும்போது, "என் பேருக்கு வந்தா அந்தச் சன்னலை இனி சாத்திக்கலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆய்வு நாளில் பானெட்டைக் கவிழ்த்ததும் ஆய்வாளர் தன் போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார். இன்ஜின் நம்பர் மேல் கிரீஸ் அப்பியிருந்தது. பொள்ளாச்சி மெக்கானிக் அண்ணன் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, சேசிஸ் நம்பரைக் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துக் கொடுத்தார். பத்தே நிமிஷம்.

ஆர்.சி. வந்த சனிக்கிழமை காலையில், குளிர்ந்த இன்ஜின் பிடிக்க சோக் குமிழை வெளியே இழுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். இழுத்து இழுத்து நின்றுபோனது. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டு உறுமியது. சமையலறைச் சன்னல் திறந்தேதான் இருந்தது.

"இப்போ சோக்கை உள்ளே தள்ளு கண்ணு" என்றாள் அம்மா, அடுப்பிலிருந்து தலை நிமிராமல்.