சைக்கிள் கேள்வியும் அண்ணன் மகளோட ஐஈஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்கும் – பினாங்கு நாட்குறிப்பு

ஜூலை 2, 2025, புதன்

அண்ணன் மகளுக்கு இந்த மாசக் கடைசியில ஐஈஎல்டிஎஸ்ங்கற இங்கிலீஷ் பரீட்சை. நர்ஸ் வேலைக்கு பிரிட்டன் போகணும்னா அங்க உள்ள நர்சிங் கவுன்சில் ஸ்பீக்கிங்ல, அதாவது நேர்ல பேசிக் காட்டற பகுதியில, 7 மார்க்கு கேக்குது, இவளுக்கு அங்கதான் இடிக்குது. டூட்டி முடிஞ்சு நேரா ஆயர் ஈத்தாம் நம்ம வீட்டுக்கு வந்துட்டா. முதல் பகுதியில வர்ற மாதிரி சாதாரணமா ஒண்ணு கேட்டேன், "டூ யூ ரைட் எ பைசிக்கிள்?" "நோ, ஐ டோன்ட்." அவ்ளோதான், வாய மூடிட்டு என்னையே பாக்குறா.

"ஓட்டறதில்லயே அத்த, வேற என்ன சொல்றது?"

ஓட்டலங்கறதும் நல்ல பதில்தாம்மா, ஆனா ஏன் ஓட்டல, முன்ன ஓட்டினியா, அத சொல்லணும்ல. நீ சைக்கிள் ஓட்டுறியா இல்லயாங்கறது எக்ஸாமினருக்கு முக்கியமே இல்ல. தடங்கல் இல்லாம கோர்வையா பேசறியா, சொல்வளம், கிராமர், உச்சரிப்பு, இந்த நாலுக்கும் சமமா மார்க்கு, உன் கருத்து சரியா தப்பான்னு மார்க்கே கிடையாது.

ஜூலை 4, வெள்ளி

யாரோ குடுத்த மாடல் பதில் பேப்பர கொண்டு வந்து ஒப்பிச்சா. சுற்றுச்சூழல், கார்பன்னு பெரிய பெரிய வார்த்தையா போகுது, குரலே மாறிப்போச்சு, மூச்சு விடற இடம் கூட அவளோடது இல்ல. மனப்பாடத்த கண்டுபிடிக்க எக்ஸாமினருக்கு பயிற்சியே உண்டு, டக்குனு வேற கேள்விக்குப் போயிடுவாங்க. பேப்பர வாங்கி உள்ள வச்சுட்டேன்.

அப்பறம் அவ கதையவே கேட்டேன். ஃப்ளாட்டுக்குக் கீழ கார் பார்க்ல அவ அப்பா, எங்க அண்ணன், பின் சீட்ட பிடிச்சுக்கிட்டே ஓடி சொல்லிக் குடுத்திருக்கு, வேலைக்கு சேர்ந்ததும் எல்லாம் நின்னு போச்சு. அத அப்படியே சொல்ல வச்சேன், திக்கித் திக்கி கடைசியில இப்படி வந்துச்சு: "நாட் எனி மோர். ஐ யூஸ்ட் டு ரைட் ரவுண்ட் த கார் பார்க் பிலோ அவர் ஃப்ளாட், பட் ஐ ஹேவன்ட் டச்ட் எ பைசிக்கிள் சின்ஸ் ஐ ஸ்டார்ட்டட் ஷிஃப்ட் வொர்க். இஃப் தேர் வேர் எ சேஃப் லேன் டு த ஹாஸ்பிடல், ஐ வுட் ட்ரை."

எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு எனக்கு! முன்ன செஞ்சது, இன்னிக்கு வரைக்கும் செய்யாதது, நடந்தா செய்வேங்கறது, மூணு விதமான கிராமர் மூணே வாக்கியத்துல வந்துருச்சு, ஒரு பெரிய வார்த்தை கூட இல்ல. முதல் பகுதிக்கு இந்த நீளம் போதும்.

ஜூலை 7, திங்கள்

இன்னிக்கு பினாங்குக்கு லீவு, நம்ம தலைநகர் ஜார்ஜ் டவுன் 2008ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்த நாள். ஒரு நிமிஷம் குறிப்பெழுதி ரெண்டு நிமிஷம் தனியா பேசற ரெண்டாவது பகுதிக்கு பழகலாம்னு ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டுக்கு கூட்டிட்டுப் போனேன். 2012ல எர்னஸ்ட் சகாரெவிச்ங்கற லித்துவேனியா ஓவியர் வரைஞ்ச அந்த சைக்கிள் பிள்ளைங்க படம், சுவத்துல நிஜ சைக்கிள், அது மேல அக்கா ஓட்டுற மாதிரி, பின்னால தம்பி அவள இறுக்கிக் கட்டிக்கிட்டு சிரிக்கிறான். படம் எடுக்க ஒரே கூட்டம், வெயில் வேற மண்டைய பொளக்குது.

எதிர் நிழல்ல நின்னு ஒரு நிமிஷம் குறிப்பெழுத விட்டேன். பிள்ளை முழு வாக்கியமா எழுத ஆரம்பிச்சுட்டா, ரெண்டாவது வரியிலயே நேரம் போச்சு. அக்கா, தம்பி, துரு, சிரிப்பு, இப்படி ஒத்த வார்த்தையா எழுதுன்னேன். மறுபடி பேசினப்ப தம்பியோட பிடிய சொல்லி, அங்கேர்ந்து அவ தம்பிய பின்னால ஏத்திக்கிட்டு கடைக்குப் போன கதைக்கு தாவி, ரெண்டு நிமிஷமும் தாராளமா ஓடுச்சு. கண்ணால பாத்தத சொல்றப்ப அவளுக்கு "அம்ம்"ங்கறதே வரல.

ஜூலை 12, சனி

மூணாவது பகுதிதான் கஷ்டம், உன்னப் பத்தி இல்லாம ஊரப் பத்திக் கேப்பாங்க. ஏன் இங்க வேலைக்கு சைக்கிள்ல போறவங்க கம்மி? "பிகாஸ் ஹாட்"னு நிறுத்திட்டா. வெயில் சரி, மத்தியான மழை, எல்லார் வீட்லயும் மோட்டோ, தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவுல உள்ள பாலத்துல சைக்கிளே விடமாட்டாங்க, ஃபெரியில மட்டும் ஏத்தலாம், இத்தன இருக்கேம்மா. எல்லாத்தையும் கொட்டாம ஒரு காரணத்த எடுத்து, அதனால என்ன ஆகுதுன்னு சொல்லி, ஒரு உதாரணம். அவ பாலத்த எடுத்துக்கிட்டா, அக்கரை பட்டர்வொர்த்லேர்ந்து வர்ற தோழியோட காலை நேரத்த சொன்னா, நல்லா இருந்துச்சு.

அந்தக் காலம் இந்தக் காலம்னு ஒப்பிடச் சொன்னா, 1941 டிசம்பர்ல வடகிழக்கு மலாயாவுல உள்ள கோத்தா பாருல இறங்கின ஜப்பான்காரன் சைக்கிள்லயே சிங்கப்பூர் பக்கம் போனது இருக்கு. ஆனா அவளுக்கு அது வரல, நம்ம மலேசிய சைக்கிள் வீரர் அசிசுல்ஹஸ்னி கெய்ரின்ங்கற சைக்கிள் ரேஸ்ல ரியோ ஒலிம்பிக்ல வெண்கலம், தோக்கியோ ஒலிம்பிக்ல வெள்ளி வாங்கினதுதான் சரளமா வருது. அதையே வச்சுக்கோன்னுட்டேன்.

ஜூலை 17, வியாழன்

இன்னிக்கு உச்சரிப்பு மட்டும். வெள்ளக்காரன் ஸ்லாங் யாரும் கேக்கல, நம்ம ஊர் ஸ்லாங்கே போதும், புரியணும் அவ்ளோதான். இவ "பைக்"ல கடைசி "க்"க முழுங்கிடறா, "லேர்ன்ட்"ல கடைசி "ட்" காணாமப் போகுது, அப்படிப் போனா கேக்கறவருக்கு நடந்து முடிஞ்ச விஷயம்னே தெரியாது. ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி போட்டுக் காட்டினேன், அவளே கண்டுபிடிச்சா. கேள்வி புரியலன்னா திரும்பக் கேக்கலாம், பாதியில நிறுத்தினா பயப்படாத, அவங்களுக்கு நேரக் கணக்கு, மொத்தமே 11லேர்ந்து 14 நிமிஷம்தான், அதையும் சொல்லி அனுப்பினேன். ஞாயித்துக்கிழமை நைட் டூட்டி முடிஞ்சு தூங்கி எழுந்து வர்றா, அந்த "ட்"ட திரும்ப எடுக்கணும்.