கட்டிலுக்கடியில் கிடந்த பியர்

சித்திரைப் புத்தாண்டுக்கு வாங்கிய பெட்டியில் நாலைந்து போத்தல் மிஞ்சிவிடும். அது கட்டிலுக்கடியில் மறந்து கிடக்கும். தீபாவளி கிட்டும்போது யாராவது இழுத்துப் பார்த்தால் திகதி முடிந்திருக்கும். உடனே வீட்டில் இரண்டு கட்சி. "பியர் எல்லாம் கெடாது, எடு" என்பது ஒன்று. "வயித்தால போகும், கொண்டுபோய் ஊத்து" என்பது மற்றது. முதல் கட்சி சொல்வது பாதி சரி. இரண்டாவது கட்சியின் காரணம் பிழை; ஆனால் ஊற்றச் சொன்னது சில வேளை நல்ல யோசனைதான்.

கம்பனியில் அடைத்து, மூடி அசையாமல் இருக்கும் பியர் பழசானதால் மட்டும் ஆளுக்கு வருத்தம் வராது. வயிற்றைக் கலக்கும் கிருமிகள் அதற்குள் பெருகுவதற்கு வழியில்லை. பியரின் பிஎச் அளவு 4க்கும் 4.5க்கும் இடையில், அதாவது நல்ல புளிப்பு. மதுசாரம் 5 சதவீதமளவில் இருக்கிறது. ஹொப்ஸ் பூவிலிருந்து வரும் கசப்புப் பொருள் பல வகைப் பக்டீரியாக்களை அடக்கிவிடும். உள்ளே காபனீரொட்சைட்டுத்தான் நிறைந்திருக்கிறது, ஒட்சிசன் இல்லை என்றே சொல்லலாம். ஈஸ்ட் பெரும்பாலான இனிப்பைத் தின்று முடித்துவிட்டதால் கிருமிக்குத் தீனியும் குறைவு. போதாததற்கு, பெரும்பாலான லாகர் பியரைப் போத்தலில் அடைத்த பிறகு ஏறத்தாழ 60 பாகை சுடுநீர்த் தூறலுக்குள் விட்டு எடுக்கிறார்கள். ஒரு வேலியைத் தாண்டினாலும் அடுத்த வேலி காத்திருக்கும்.

கித்துள் கள்ளை நினைத்துப் பாருங்கள். காலையில் இறக்கியது மாலையில் புளிக்கிறது, அடுத்த நாள் வாயில் வைக்க முடியாது, விட்டுவைத்தால் வினாகிரி. அதற்கு ஹொப்ஸும் இல்லை, சூடாக்கலும் இல்லை, மூடியும் இல்லை. பியருக்கும் கள்ளு மாதிரித்தான் ஆகும் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் நம்ம பக்கம் நிறைய.

அப்படியானால் திகதி எதற்கு? அது ருசிக்கான தவணை. கம்பனி நினைத்த ருசி அதுவரைக்கும் ஓரளவு நிற்கும் என்பதுதான் அர்த்தம். அந்தத் திகதியில் பியர் நஞ்சாக மாறுவதில்லை. அதற்கு அடுத்த நாள் எதுவும் நடக்காது. உண்மையில் ருசி இறங்கத் தொடங்குவது அடைத்த நாளிலிருந்தே.

எது இறக்குகிறது? முதலாவது ஒட்சிசன். அடைக்கும்போது மில்லிகிராமில் பத்திலொரு பங்களவு காற்று உள்ளே மாட்டிக்கொண்டாலும் போதும், அது மெதுவாக வேலை செய்யும். மூடிக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் படலமும் ஆண்டுக்கணக்கில் துளித்துளியாகக் காற்றை விடும். மோல்ட்டிலிருந்து, அதாவது முளைக்கவைத்து உலர்த்திய பார்லியிலிருந்து, வரும் கொழுப்புப் பொருள்கள் இதனால் மாறி, 2-நொனெனல் என்ற ஒரு பொருள் தலைகாட்டும். ஒரு லீட்டரில் 0.1 மைக்ரோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். நனைந்த காட்போட் பெட்டியின் வாசனை அதுதான். இன்னும் நாளானால் ஹொப்ஸின் கசப்பும் மணமும் மங்கி, தேன், கருகிய சீனி, ஷெரி வைன் மாதிரி ஒரு தித்திப்பு மேலே வரும். இதில் எதுவும் ஆபத்தில்லை. ஆனால் குளிரக் குளிரக் குடிக்கவென்று வாங்கிய லாகரில் அது எவருக்கும் தேவையுமில்லை.

இரண்டாவது சூடு. மலையகத்தில் கதை வித்தியாசமாவது இங்கேதான். மதுக் காய்ச்சுகிறவர்களிடம் 3-30-300 என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. 32 பாகையில் 3 நாளில் வரும் பழசாதலும், 22 பாகையில் 30 நாளில் வருவதும், 3 பாகைக் குளிரில் 300 நாளில் வருவதும் ஏறக்குறைய ஒன்று. நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகையளவு. கணக்கை நீட்டினால் அங்கே இரண்டு மாதத்தில் ஆகிற சேதம் கொழும்பில் 28 பாகையில் ஏறக்குறைய ஒரு கிழமையில் ஆகிவிடும். இது துல்லியமான சூத்திரமில்லை. எந்தப் பியர், எவ்வளவு காற்று உள்ளே போனது என்பதைப் பொறுத்து மாறும். ஆனால் திசை சரி: ஹட்டனிலும் நுவரெலியாவிலும் அறை வெப்பமே பாதிப் பிரிட்ஜ். பதுளை, கண்டிப் பக்கம் அந்தச் சலுகை குறைவு.

குளிர் ஊர் என்று நம்பி ஏமாறுகிற இடமும் ஒன்று உண்டு: தகரக் கூரை. லயத்துக் காம்பராவில் பரணில் வைத்த பெட்டி, வெயில் நாளின் மதியம் எவ்வளவு சூடாகிறது என்று கைவைத்துப் பார்த்தால் தெரியும். இரவில் 10 பாகைக்கு இறங்கினாலும் பகல் சூட்டை அது அழிக்காது. பரணில் வைக்காதீர்கள், தரையோடு, உள்சுவரோரம், சீமெந்துத் தரையில் ஒரு பலகை போட்டு நிமிர்த்தி வையுங்கள். வைன் மாதிரிப் படுக்கவைக்கத் தேவையில்லை. நிமிர்த்தி வைத்தால் உள்ளே இருக்கிற கொஞ்சக் காற்றோடு படும் பரப்பும் குறைவு, அடியில் மண்டியும் ஒழுங்காகத் தங்கும்.

லயன் பியர் லேபிளில் 1881 என்று போட்டிருப்பது நுவரெலியா மதுச்சாலையின் கணக்கு. லாகரை 10 பாகையளவில் நொதிக்கவைத்து, பிறகு இன்னும் குளிரில் ஆறவைக்க வேண்டும். குளிரூட்டி இயந்திரம் அரிதாக இருந்த காலத்தில் அந்தக் குளிரில் ஒரு பகுதி நம்ம மலையில் சும்மா கிடைத்தது. 1990களில் வேலை கொழும்புக்குக் கிட்ட இருக்கிற பியகமவுக்குப் போய்விட்டது. இப்போது பியர் கீழே பிறந்து, லொறியில் வெயில் குடித்துக்கொண்டு மேலே ஏறிவருகிறது. கடைக்கு வருவதற்கு முன்பே அதன் ஆயுளில் ஒரு பகுதி செலவாகிவிடலாம். எனவே தயாரித்த திகதியைப் பார்த்து வாங்குவது காலாவதித் திகதியைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது. போயாவுக்கு முதல் நாள் கூட்டத்தில் யாரும் பார்ப்பதில்லை, அது வேறு விஷயம்.

மூன்றாவது வெளிச்சம். சூரிய ஒளியின் நீலப் பகுதியும் புற ஊதாவும் ஹொப்ஸின் கசப்புப் பொருளை உடைக்கும். அதோடு கந்தகம் சேர்ந்தால் எரிந்த இறப்பர் மாதிரி ஒரு நாற்றம். வெள்ளை, பச்சைப் போத்தல் என்றால் நல்ல வெயிலில் சில நிமிடமே போதும். தவிட்டு நிறப் போத்தல் நன்றாகத் தாங்கும், முழுக்க இல்லை. டின்னுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. கடை முன் கண்ணாடிக்குள் அழகுக்கு அடுக்கிய போத்தலை வாங்காமல் உள்ளே பெட்டியிலிருப்பதைக் கேளுங்கள்.

இனி, கையில் பழைய போத்தல் இருக்கிறது, என்ன செய்வது?

மூடியிலிருந்து தொடங்குங்கள். நம்ம பக்கத்து மூடுபனிக்கும் ஈரத்துக்கும் மூடி துருப்பிடிக்கும். வெளியில் மட்டுமென்றால் திறந்த பிறகு போத்தலின் வாயை ஈரத்துணியால் துடைத்தால் சரி. துரு உள்படலம் வரைக்கும் இறங்கியிருந்தாலோ மூடியைச் சுற்றிப் பிசுபிசுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தாலோ ஊற்றிவிடுங்கள். காற்றும் அதோடு கிருமியும் உள்ளே போயிருக்கும். டின் உப்பியிருந்தாலும் அப்படித்தான். டின்னின் மேல்பக்கத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதைப் பழக்கமாக்குங்கள். எலி ஓடுகிற ஸ்டோரில் கிடந்த டின்னில் அப்படியே வாய்வைப்பது, எலிக்காய்ச்சல் உள்ள நாட்டில், உள்ளே இருக்கும் பியரைவிட ஆபத்து.

பிறகு போத்தலை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். அடியில் மெல்லிய படிவு, சிறு செதில்கள் என்றால் அது புரதமும் மோல்ட்டின் துவர்ப்புப் பொருளும் சேர்ந்தது. வயதின் அடையாளம், தீங்கில்லை. குளிரில் கலங்கி, அறை வெப்பத்தில் தெளிந்தால் அதுவும் அதே வகை. ஆனால் கழுத்துப் பகுதியில் பியர் முடிகிற மட்டத்தில் வட்டமாக ஒரு வெள்ளை வளையம் ஒட்டியிருந்தால் உள்ளே ஏதோ வளர்ந்திருக்கிறது. கண்ணாடித் துண்டு, நூல் நூலாக மிதப்பது, எண்ணெய்ப் படலம் ஏதும் தெரிந்தால் திறக்கவே வேண்டாம்.

நன்றாகக் குளிரவைத்து, தொட்டிக்கு மேலே பிடித்து மெதுவாகத் திறவுங்கள். 'ஸ்' என்ற சத்தமே இல்லையென்றால் மூடி கசிந்திருக்கிறது. குலுக்காமலே நுரை பொங்கிப் பாதி வெளியே வந்தால் காட்டு ஈஸ்ட்டோ பக்டீரியாவோ உள்ளே மிச்ச இனிப்பைத் தின்றிருக்கலாம். மோல்ட் தானியத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தாலும் பொங்கும். எதுவானாலும் குடிக்கிற சாமானில்லை. ஒழுங்காகத் திறந்தால் கண்ணாடிக் கிளாசில் ஊற்றி மணந்து பாருங்கள். நனைந்த காட்போட், தேன்: பழசு, குடிக்கலாம். எரிந்த இறப்பர்: வெயில் பட்டது, குடிக்கலாம், ஆனால் ஏன்? வெண்ணெய் அல்லது டொபி மணத்தோடு புளிப்பு: லக்டிக் அமிலப் பக்டீரியா, வருத்தம் வராது, ருசி சகிக்காது. அழுகிய முட்டை அல்லது சாக்கடை மணம் மூக்கில் அடித்தால் யோசிக்காமல் ஊற்றுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை வயதைப் பற்றியதில்லை. 625 மில்லிலீட்டர் பியர்ப் போத்தல் தோட்டத்தில் எதற்கெல்லாம் பயன்படுகிறது என்று நமக்குத் தெரியும்: மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய், சில வீடுகளில் கோவாவுக்கும் லீக்ஸுக்கும் அடிக்கிற மருந்து. ஒருமுறை கழற்றிய மூடியை மறுபடி அழுத்தி வைத்தால் இருட்டில் வித்தியாசம் தெரியாது. விளிம்பில் பற்கள் சீராக இல்லாத, நடுவில் வளைந்த, கையால் சுற்றினால் அசைகிற மூடியுள்ள போத்தலைப் பியர் என்று நம்பாதீர்கள், மணந்தும் பார்க்காதீர்கள். மருந்தைக் குடிபானப் போத்தலில் ஊற்றிவைக்கும் வழக்கத்தை நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும்.

மெதனோல் பயத்தையும் இதோடு குழப்புகிறார்கள். கம்பனிப் பியர் எத்தனை வருடம் கிடந்தாலும் அதில் மெதனோல் உருவாகாது. கண்ணைப் பறிப்பது கசிப்பில் கலக்கப்படும் மெதனோல். அது அன்றைக்கே காய்ச்சியதாக இருந்தாலும் பறிக்கும். பழசானால் வெறி கூடும் என்பதும் கதை. ஈஸ்ட்டை வடிகட்டி, மிச்சத்தையும் சூட்டில் கொன்ற பிறகு மதுசாரம் எங்கிருந்து கூடும்? 4.8 சதவீத லாகர் பத்து வருடத்திலும் அதேதான்.

ஸ்ட்ரோங் பியர் நிறைய நாள் நிற்கும் என்பதில் பாதி உண்மை. 8.8 சதவீத மதுசாரம் கிருமியை இன்னும் நன்றாக அடக்கும், ஒட்சிசனை அடக்காது. வெளிர் நிற ஸ்ட்ரோங் பியர் பழசானால் திகட்டும் தித்திப்பாகத்தான் போகும். ஸ்டவுட் கதை வேறு: கருக வறுத்த மோல்ட்டின் ருசிக்குள் பழசாதல் ஒளிந்துகொள்ளும், சில வேளை உலர்திராட்சை மாதிரி நன்றாகவே மாறும். லயன் ஸ்டவுட்டை ஒரு வருடம் இருட்டில் வைத்துக் குடிக்கப் பயப்பட வேண்டாம். சோயா சோஸ் மணம் வந்தால் எல்லை தாண்டிவிட்டது.

குளிரவைத்ததை வெளியே எடுத்து மறுபடி குளிரவைத்தால் கெட்டுவிடும் என்று கடைக்காரர்களே சொல்வார்கள். இல்லை. சூட்டில் கழிந்த மொத்த நேரம்தான் கணக்கு. பிரீசரில் மறப்பதுதான் மோசம்: மைனஸ் 2, 3 பாகையில் உறையத் தொடங்கும், உறையும் நீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், போத்தல் வெடிக்கும். வெடிக்காமல் உருகிய டின்னில் செதில் மிதக்கும், வாயு குறைந்திருக்கலாம், குடிக்கலாம். வெடித்த போத்தலில் மிஞ்சியதை வடிகட்டிக் குடிக்க நினைக்காதீர்கள், கண்ணாடித் தூள் துணியில் நிற்காது. திறந்து மிஞ்சியது பிரிட்ஜில் மூடிவைத்தால் ஒரு நாள். அதற்குப் பிறகு அது பியரில்லை.

குடிக்க மனமில்லாத பியரைச் சாக்கடையில் ஊற்ற வேண்டியதுமில்லை. மீன் பொரிக்கிற மாவில் தண்ணீருக்குப் பதில் சேர்க்கலாம், அழுகிய மணமோ இறப்பர் மணமோ இல்லாதவரை. சமைத்தாலும் மதுசாரம் முழுக்கப் போய்விடாது. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பண்டத்தில் வேண்டாம்.

அதைவிட நல்ல பயன் மரக்கறித் தோட்டத்தில். கோவா, சலாது நாற்றை இரவோடிரவாகத் தின்கிற ஓடில்லா நத்தைக்கு ஈஸ்ட் மணம் என்றால் உயிர். யோகட் கோப்பையை மண்ணில் புதையுங்கள், விளிம்பு மண்ணிலிருந்து 1 அல்லது 2 சென்டிமீட்டர் மேலே நிற்கட்டும். மட்டமாக வைத்தால் நத்தை முட்டையைத் தின்கிற நல்ல வண்டுகளும் விழுந்து சாகும். 3, 4 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பியர் போதும். வாயு போன பியரானால் ஒரு சிட்டிகை ஈஸ்ட்டும் சீனியும் போட்டால் மணம் திரும்பும். ஒரு கோப்பை சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குத்தான் இழுக்கும், எனவே பாத்திக்கு நாலைந்து தேவை. இரண்டு மூன்று நாளுக்கொருமுறை கொட்டி மாற்றுங்கள். மழைக்காலத்தில் மேலே இரண்டு கல் வைத்து ஒரு தகரத் துண்டு போட வேண்டும்; இல்லாவிட்டால் ஒரே இரவில் தண்ணீர் கலந்து, நத்தை கோப்பையைத் திரும்பியும் பார்க்காது.